கோடி ரூபாய்க் கிழிசல்

அந்தப் படத்தை இத்தனை கோடியில் எடுத்தார்கள், இத்தனை கோடி வசூல் ஆனது என்று எங்கள் கம்பெனியில் எல்லாரும் போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். ஒரு போனில் முந்நூறு, இன்னொரு போனில் நானூறு. எனக்கு அந்தக் கணக்கில் ஒன்றே ஒன்றுதான் தெரியும். படத்தின் கதாநாயகன் போட்டிருந்த பனியனில், இடது தோளில் ஒரு கிழிசல் உண்டு. அதைத் தைத்து மூடியதும் நான்தான், திரும்பப் பிரித்ததும் நான்தான்.

கம்பெனி முதலிபாளையம் பக்கம். சின்னப் பனியன் கம்பெனிதான். நான் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்ட தையல் இருக்கிறதா என்று பார்த்து, பிசிறு வெட்டிக் கொடுக்கும் வேலை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கிழவியாகியும் ஆட்களிடம் பேச எனக்கு இன்னும் கூச்சம். என் பக்கத்து நாற்காலியில் தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்த ஒருத்தி இருக்கிறாள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

படம் வருவதற்கு முந்தின வருசம் ஒரு சினிமாக் கம்பெனி ஆர்டர் வந்தது. கப்பலில் துடுப்புப் போடும் கைதிகள் போட்டுக்கொள்ள, சாயம் ஏற்றாத முரட்டுத் துணியில் பனியன். கண்ணும் கருத்துமாகப் பார்த்து, ஒரு பிசிறு இல்லாமல் அனுப்பினோம். அதோடு மறந்தும் போனோம்.

சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் பஸ் பார்சலில் ஒரு மூட்டை வந்தது. முதலாளி அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூட்டையைப் பிரித்ததும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே நாங்கள் தைத்த அதே பனியன்கள். அழுக்கும் ஓட்டையுமாக, கந்தலாகக் கிடந்தன.

"ஏ யாத்தே! நாய் கடிச்சு இழுத்த மாதிரில்லா கெடக்கு! கப்பலக் கழுவுனானுவளா இத வச்சு?" என்றாள் தூத்துக்குடிக்காரி.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம். அனுப்பிய சரக்கு திரும்பி வந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டோம். அது வீட்டுக்குள் நடந்த அவமானம் மாதிரி. முதலாளி கண்ணில் படுவதற்குள் ஆளுக்கு ஒரு கை போட்டு, புதுசாக்கி, கவரில் போட்டுவிட வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் விழுந்து விழுந்து வேலை செய்தோம். சிலர் ஓட்டையை அடைத்தார்கள். சிலர் ஸ்ப்ரே துப்பாக்கியால் கறை எடுத்தார்கள். கறை போனதும் அயர்ன் மாஸ்டர் தேய்த்துத் தேய்த்து அடுக்கினார்.

ஒரு பனியன் மட்டும் தனியாக வெள்ளைத் துணியில் சுற்றி வந்திருந்தது. நுணுக்கமான வேலை என்று அதை என்னிடம் தள்ளினார்கள். தோளிலிருந்து நெஞ்சுப் பக்கம் இறங்கிய கிழிசல். பின்னல் துணியில் ஒரு கண்ணி விட்டுவிட்டால் ஏணி மாதிரி கீழே ஓடும். கண்ணி கண்ணியாக ஊசியில் கோத்து மேலே ஏற்றினேன். சாப்பாட்டு மணி அடிக்கும்போது தோள் தோளாக இருந்தது. எனக்கே நிறைவாக இருந்தது.

சாப்பிட்டு வந்து உட்கார்ந்தோம். முதலாளி வந்துவிட்டார். அவர் பின்னாலேயே ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். சென்னைப் பெண். வெட்டிய தலைமுடி, தூக்கம் காணாத கண், இரண்டு தோளிலும் பை. படத்துக்குத் துணிமணி பார்க்கும் பிரிவில் உதவியாளராம்.

"சார், சாம்பிள் மூட்டை வந்துடுச்சா? அதே மாதிரி இன்னும் நாப்பது வேணும்."

"வந்துருச்சுங்க. அட, நம்ம ஆளுக கவர்ல போட்டே வச்சுட்டாங்க பாருங்க!" என்றார் முதலாளி பெருமையாக.

அவள் ஒரு கவரைப் பிரித்தாள். இன்னொன்றைப் பிரித்தாள். வெள்ளைத் துணியில் வந்த பனியனை எடுத்துத் தோளைத் தடவிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தூத்துக்குடிக்காரி பதறிப்போய், "இன்னும் எங்கன கறை இருக்குன்னு சொல்லுங்கம்மா, ஒரு நிமிசத்துல எடுத்துருதோம்" என்றாள்.

"கறைதான்க்கா வேணும்! கறைக்குத்தானே நாங்க காசு குடுத்தோம்!"

பிறகுதான் விசயம் தெரிந்தது. அந்த அழுக்கை உண்டாக்கவே ஆள் போட்டு, டீத்தண்ணியில் ஊறப்போட்டு, கல்லில் உரசி, மண்ணில் புரட்டி, மாதக்கணக்கில் வேலை செய்திருக்கிறார்கள். கதாநாயகன் அந்தத் தோள் கிழிந்த பனியனோடு கடலில் விழுவதைப் படம் பிடித்தாகிவிட்டது. அவன் கடலிலிருந்து எழுந்து வருவதை நாளை மறுநாள் எடுக்க வேண்டும். சாம்பிளோடு அந்தப் பனியனும் தவறி வந்துவிட்டதாம், அதைக் கையோடு கொண்டுபோகத்தான் வந்திருக்கிறாள்.

"விழும்போது கிழிஞ்ச பனியன், எழுந்திரிக்கும்போது இஸ்திரி போட்டு வந்தா தியேட்டர்ல சிரிப்பாங்க சார்."

"ஒரு நாள் தள்ளி எடுத்தா ஆகாதுங்களா?" என்று முதலாளி மெல்லக் கேட்டார்.

"கப்பலையே கட்டி, தொட்டியில தண்ணி நிரப்பி நிறுத்தியிருக்கோம். கிரேன், மழை மெஷின், முந்நூறு பேருக்குச் சாப்பாடு, ஹீரோவோட தேதி... தள்ளினா முப்பது லட்சம் போச்சு சார்."

"மாசத்துக்குங்களா?"

"ஒரு நாளைக்கு!"

முதலாளி பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

நான் முப்பது லட்சத்தை மனதுக்குள் கொண்டுவந்து பார்த்தேன். வரவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்துக்கு முதலாளி மேசையில் அடுக்கி வைக்கும் நோட்டுத்தான் நான் பார்த்த பெரிய பணம். அது அந்தக் கப்பல்மேல் ஒரு டீ குடிக்கிற நேரம் மழை பெய்யக் காணுமா? வானம் சும்மா கொட்டுவதை இவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அத்தனையும், கப்பலும் கடலும் மழையும் முந்நூறு பேரும், காலையில் என் மடியில் கிடந்த ஒரு பனியனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"முதல் படம் சார் எனக்கு. பொருந்தலைன்னா திரும்பி வராதேன்னு எங்க காஸ்ட்யூம் மாஸ்டர் சொல்லிட்டாரு."

அவள் போனில் ஒவ்வொரு பனியனுக்கும் போட்டோ இருந்தது. அதை மேசையில் வைத்தாள். அதைப் பார்த்துப் பார்த்து நாங்கள் காலையில் போட்ட தையலை நாங்களே பிரித்தோம். டீத்தூள் கொதித்தது. சாம்பலும் செம்மண்ணும் வந்தன. மெஷின் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்து, விரலால் தொட்டு அப்பச் சொன்னாள். எங்களில் ஒருத்திக்கும் கை வரவில்லை. ஒரு பொட்டுக் கறைக்குப் பயந்தே காலம் தள்ளியவர்கள். விரல் துணி வரைக்கும் போய்த் தானாகத் திரும்பியது.

"சும்மா அப்புங்கக்கா! எண்ணெய்ப் பொட்டுக்கு வாங்குன ஏச்செல்லாம் இன்னைக்குத் தீத்துக்கிடுங்க!" என்று தூத்துக்குடிக்காரி முதல் கையை வைத்தாள். முதலாளியே சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தோள் பனியன் என்னிடம் வந்தது. நான் ஏற்றிய கண்ணியை ஒவ்வொன்றாக விட்டேன். போட்டோவில் கிழிசல் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. துணி ஒருமுறை ஊசி பட்டு நொந்திருந்தது. சரசரவென்று இன்னும் ஒரு விரல் நீளம் ஓடித்தான் நின்றது.

அவள் போட்டோவையும் பனியனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாட்டி, இதைத் திரும்ப மேல ஏத்த முடியுமா?"

"ஏத்தலாங் கண்ணு. ஆனா ஏத்துன எடம் புதுசாத் தெரியுமுங்க."

கிழிசலில் விரலை வைத்து அளந்தாள். "விடுங்க பாட்டி. இப்படியே கொண்டுபோறேன்" என்று பனியனைச் சுற்றிப் பைக்குள் வைத்து, சாம்பிளுக்கு இரண்டை விட்டுவிட்டு மற்றதை மூட்டை கட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. முதலாளி போன் போட்டுப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. அவள் கேட்ட நாற்பது பனியனை வாங்கிப் போக வேறு ஒரு ஆள் வந்தார். அந்தப் பெண் எங்கே என்று கேட்டதற்கு, "தெரியலீங்க, நான் புதுசு" என்றார். அவருக்குப் பனியனைக் கட்டிக் கொடுத்து அனுப்பினோம். ஒரு விரல் நீளத்தில் அந்தப் பிள்ளையின் பிழைப்புப் போய்விட்டதோ என்ற நினைப்பு, துணியை விரிக்கும்போதெல்லாம் வந்தது.

படம் வெளியானது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை முதலாளி வேன் வைத்து எங்கள் எல்லாரையும் கூட்டிப் போனார். தியேட்டரில் ஊசி விழ இடமில்லை. எங்களுக்குப் பின் வரிசையில் வடநாட்டுப் பையன்கள் தங்கள் பாசையில் கத்திக்கொண்டிருந்தார்கள். திரை விலகியதும் கப்பல் வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அது மரம் என்றும் தொட்டித் தண்ணி என்றும் எனக்குத் தெரியும். தெரிந்தும் பயமாக இருந்தது. காசு இப்படியும் ஆகுமா, ஒரு கடலாக நிற்குமா என்று மலைத்துப்போனேன்.

கதாநாயகன் விழுந்தான். தோள் கிழிசலோடுதான் விழுந்தான். தண்ணி மூடிக்கொண்டது. கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் செத்தானா இருக்கிறானா என்று மற்றவர்கள் பார்த்தார்கள். எங்கள் வரிசை மட்டும் அவன் தோளுக்காகக் காத்திருந்தது.

எழுந்து வந்தான். கிழிசல் ஒரு விரல் நீளம் கூடியிருந்தது. அத்தனை பெரிய திரையில் அது ஒரு ஆள் உயரம் இருந்தது. அவன் மூச்சு வாங்க வாங்க அதுவும் திறந்து மூடியது. கடலே அவனைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. விசில் பறந்தது. காகிதம் பறந்தது. யாரும் சிரிக்கவில்லை.

தூத்துக்குடிக்காரி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "பொருந்திட்டுக்கா, பொருந்திட்டு" என்றாள். எனக்கு அதற்குமேல் படம் ஏறவில்லை. அந்தப் பெரிய கப்பல் கண்ணெதிரே எரிந்து விழுந்தபோதும், அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்றே ஓடியது.

வெளியே வந்ததும், முதலாளியிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்காதவள், கேட்டுவிட்டேன்.

"தம்பீங்க, அந்தப் புள்ளைக்கு ஒரு போன் போடுங்களே."

போட்டார். எடுத்துவிட்டாள். முதலாளி போனை என் கையில் கொடுத்துவிட்டார். சுற்றிலும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "கண்ணு, உனக்கு வேல இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்கு பாட்டி! அன்னைக்கு என் போன் அந்தத் தொட்டியில விழுந்து போச்சு, யார் நம்பரும் இல்லாமப் போச்சு. கிழிசல் நீண்டிருக்கறத டைரக்டர் கண்டுபிடிச்சுட்டாரு பாட்டி. மழையை நிறுத்தச் சொல்லி என்னைக் கூப்பிட்டாரு. முந்நூறு பேரும் பார்க்கறாங்க. போச்சுன்னு நின்னேன். கிட்ட வந்து பார்த்துட்டு, 'தண்ணி கிழிச்சிருக்கு, இப்படியே இருக்கட்டும்'னு போய்ட்டாரு."

"பணம் போட்டவங்களுக்குப் பணம் வந்துருச்சுங்களா கண்ணு?"

"எவ்வளவுன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க பாட்டி. வந்திருக்கும்போல, அடுத்த படம் ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப நான் பாலைவனத்துல இருக்கேன். இதைவிடப் பெரிய படம்..."

அந்தப் பக்கம் யாரோ அவளை அதட்டிக் கூப்பிட்டார்கள். "வரேன் மாஸ்டர்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். போனை அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. மணலில் அவள் ஓடும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், யாரோ பெரிய குரலில் மூணு, ரெண்டு என்று இறக்கி எண்ணும் சத்தம். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.