பால் கண்ணாடி விளக்கின் கீழே

போன வாரம் டோல்கேட் பக்கம் ஒரு விளக்குக் கடையில், பால் நிறக் கண்ணாடி போட்ட விளக்கைக் காட்டி, "இது கண்ணைக் கூசாதும்மா, புதுசா வந்துகீது" என்றார் கடைக்காரர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுசாம்! அந்த வெளிச்சத்துக்காக நான் வயிறெரிந்த காலத்தில் அவருடைய அப்பாவே பிறந்திருக்க மாட்டார்.

ஐம்பதுகளில், ராயபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு தையற்கூடத்தில் வேலை பார்த்தேன். பீடத்துணி, ஞானஸ்நானச் சட்டை என்று எல்லாமே வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் வேலை. பின்னாலேயே துறைமுகத்து ரயில் பாதை. இன்றைக்கும் கரிப்புகை வாசம் வந்தால் என் கை தானாக மடியை மூடப் பார்க்கும். இஞ்சின் கரி துணியில் படியும் என்று ஜன்னல்களை அடைத்தே வைத்திருந்தோம். அதனால் பட்டப்பகலிலும் விளக்குதான்.

எங்கள் தலைக்கு மேலே மொட்டை பல்புகள். வெளிச்சம் வெள்ளைத் துணியில் பட்டு நேரே கண்ணில் குத்தும். சாயங்காலம் நெற்றிப்பொட்டு தெறிக்கும். மூலையில் ஒரே ஒரு விளக்குக்கு மட்டும் பால் நிறக் கண்ணாடிக் கூண்டு. அதன் கீழே நூல் தனியாக, துணி தனியாகத் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்தவள் பிலோமினா. என் வயதுதான்.

திருவிழாவுக்கு மாதா சுரூபத்தின் மேலங்கியை வருடத்துக்கு ஒருத்திதான் தைப்பாள். இரண்டு வருடமாக அவளே. மூன்றாம் வருடமும் துணி அவள் மடிக்கே போனபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையா தைக்கிறது, விளக்கல்லவா தைக்கிறது! தலைவலி தாங்கவில்லை என்று அவளிடம் போய் அழுதேன். முழுப் பொய் இல்லை, பொறாமையிலும் தலை வலிக்கும்.

"இன்னாடி, கண்ணு வலிக்குதா? நீ இங்க குந்து, நான் அங்க போறேன்" என்று உடனே எழுந்துவிட்டாள். சண்டைக்குத் தயாராகப் போயிருந்த எனக்கு ஏமாற்றம்கூட.

மூன்று நாள் சொர்க்கம். தலைவலி போன இடம் தெரியவில்லை, தையல் நேராக ஓடியது. நாலாம் நாள் சிஸ்டர் மேலங்கியைக் கொண்டுவரச் சொன்னார். பிலோமினா எழுந்தாள். மேலங்கியோடு அவளுடைய வெள்ளைத் தாவணியும் சேர்ந்து வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துத் தைத்திருக்கிறாள்! கூடமே சிரித்தது. பெரிதாகச் சிரித்தது நான்தான்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. ஊசியில் நூல் கோக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. "இந்தக் கண்ணோட இனிமே எப்படிம்மா?" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தால் தைப்பாள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வாசலில் அவள் என்னிடம், "எனக்கும் தலவலிலதான்டி ஆரம்பிச்சுது. வேலை பூடும்னு யாராண்டயும் சொல்லல. உனக்கும் அப்டி ஆயிடப் போவுதுன்னுதான் எந்திரிச்சேன்" என்றாள்.

மேலங்கி என்னிடம் வந்தது. அவள் கிழித்து விட்டுப்போன தாவணித் துண்டு அதிலேயே இருந்தது. அதைப் பிரிக்கும்போது பார்த்தேன். கண் தெரியாமல், விரலை வைத்தே போட்ட தையல். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. வெட்கக்கேடு, அப்போதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். திருவிழாவில் மேலங்கி தைத்தவள் என்று என் பெயரை வாசித்தார்கள். எழுந்து நின்றேன்.

தையற்கூடத்தை இடித்து எத்தனையோ வருடமாகிறது. மாதாவுக்கு மேலங்கி இப்போது கடையிலிருந்து வருகிறது. பிலோமினா வீட்டார் எண்ணூரில் குடியேறினார்கள், அவள் காலமும் முடிந்துவிட்டது என்று கேள்வி. எண்ணூர் ஒன்றும் தூரமில்லை, பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் ஒரு தடவையும் போகவில்லை.