விளிம்பில் தடவிய பிராந்தி

எங்கள் தொழிலில் ஒரு கைவேலை உண்டு. எந்த முதலாளியும் அதைச் சொல்லித் தரமாட்டார். குடிக்கிறவர் அளவு மீறிவிட்டார், 'போதும் சார்' என்றால் அடிக்கவே வருவார் என்று தெரிந்தால், கிளாஸில் ஐஸும் கோலாவும் நிரப்பி, விளிம்பைச் சுற்றி விரலால் பிராந்தியைத் தடவிக் கொடுத்துவிடுவோம். மூக்குக்கு வாசனை போகும், வயிற்றுக்குச் சரக்கு போகாது. பில்லிலும் அதைச் சேர்க்கமாட்டேன்.

கடலூரில் நான் பார்டெண்டராக இருக்கும் ஹோட்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாடி ஹாலில் கல்யாண விருந்து. சிதம்பரத்திலிருந்து வந்திருந்த ஒருவர் கீழே பாருக்கு இறங்கி வந்து உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. பட்டு வேட்டி, சட்டைப் பையில் கார் சாவி. செக்யூரிட்டி என்னிடம் வந்து, "அவுரு சம்சாரமும் கொழந்தையும் ரொம்ப நேரமா கார்ல உக்காந்துருக்காங்க" என்றார்.

நானும் சிதம்பரத்துக்காரன். அந்த ரோட்டில் லாரிகள் வருகிற வேகத்தை தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவன். எனக்குக் கோபம் வந்தது. இவர் எக்கேடு கெட்டால் எனக்கென்ன, அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது?

"இன்னொரு லார்ஜ் போடுப்பா. அடிச்சிட்டு வண்டிய எடுக்கணும்."

"டிரைவர் யாரையாச்சும் பாக்கட்டா சார்?"

"எனக்கே டிரைவரா? கண்ண மூடிக்கினு ஓட்டுவேன்யா!"

விளிம்பில் தடவிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். கிளாஸை மேசையில் ஓங்கி வைத்தார். கால் தள்ளாடினாலும் அந்த மனுஷனுக்கு நாக்கு தள்ளாடவில்லை.

"இதுல சரக்கே இல்ல! கூப்புடுடா மேனேஜர!"

எங்கள் மேனேஜருக்கு இந்தக் கைவேலையெல்லாம் பிடிக்காது. தண்ணீர் கலந்தான் என்று எனக்கு முன்னால் இருந்தவரை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அனுப்பியவர். அவர் வந்து, "குடுங்க சார், நான் பாக்குறேன்" என்று கையை நீட்டினார். என் வேலையும் போகப்போகிறது, இந்த ஆளும் வண்டியை எடுக்கப்போகிறார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு குடித்தவரின் மனைவி உள்ளே வந்தார், இடுப்பில் தூங்கும் குழந்தையோடு. அந்த பாருக்குள் ஒரு பெண் வந்து நான் பார்த்ததில்லை. எல்லா மேசையிலும் தலைகள் திரும்பின.

"என்னா சத்தம்?"

"கோலாவ ஊத்திக் குடுத்து ஏமாத்துறான்டி! வேணும்னா நீயே குடிச்சிப் பாரு!"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். என் பார்வை அவர் கணவரின் சட்டைப் பையிலிருந்த சாவிக்குப் போனது. மேனேஜரின் கை போவதற்குள் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டார். உடனே ஒரு இருமல். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர்கூட வந்தது.

"அய்யோ, தொண்ட எரியுது! இதுக்கு மேல இன்னா வேணும் ஒங்களுக்கு?"

"கேட்டீங்களா சார்?" என்று மேனேஜர் காலி கிளாஸை வாங்கி வைத்தார். அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி குடித்ததில் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா அவர் பையிலிருந்த சாவியை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தார்.

"வண்டி இங்கயே கெடக்கட்டும், நாளைக்கி எடுத்துக்குறோம். நாங்க பஸ்ல போறோம்."

கணவரை முன்னால் நடக்கவிட்டு, போகிற போக்கில் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணா, அடுத்த வாட்டி மொத கிளாஸ்லேந்தே இப்பிடிக் குடுங்க."