இந்தச் சுற்று மட்டும்

உயிரோடு இருந்த மனிதருக்கு நான் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தேன். என் அனுபவத்தை அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், தினசரி காலண்டர், இழவு போஸ்டர். ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் அதற்கு வார்த்தை கொடுப்பவன் நான். நிறையப் படித்தவன் என்ற பெயர் வேறு. அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. படிக்காதவன் குடித்தால்தான் அது குடி. படித்தவன் குடித்தால் ஏதோ மனவேதனை என்று ஊரே ஒதுங்கி வழிவிடும். அந்த வழியில் பதினெட்டு வருஷம் நடந்தேன், அதாவது தள்ளாடினேன்.

கடைசி நாட்களில், காலையில் ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் மவுஸ் பிடிக்கும் கை நடுங்காது. அப்படி நிலைத்த கையால்தான் அந்தப் போஸ்டரைச் செய்தேன். இறந்தவர் அண்ணன். அடிக்கச் சொன்னவர் தம்பி சண்முகையா. மேலே பெரிதாக இறந்தவர் படம் வரும், கீழே 'துயரில் வாடும்' உறவினர்களின் சின்னப் படங்கள் வரும். நான் தம்பியை மேலே ஏற்றிவிட்டேன். செத்துப்போன அண்ணன் கீழே நின்று தம்பிக்காகத் துயரில் வாடிக்கொண்டிருந்தார்.

பார்ப்பதற்குள் ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்கள். சண்முகையா என் கடை வாசலில் வந்து நின்றார்.

"ஏன் வே, நான் எப்போ செத்தேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பெரியப்பாவின் இழவுக்கு வந்துகொண்டிருந்த அவர் மகள், வழியில் போனில் அந்தப் படத்தைப் பார்த்து பஸ்ஸிலேயே மயங்கி விழுந்திருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியத்தால் அல்ல.

என் மனைவி கல்யாணி சத்தம் போடவில்லை. போஸ்டரைக் கையில் வைத்துப் பார்த்தாள். "வாசகம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க படத்தைப் போட்டிருந்தா ஒரு தப்பும் சொல்ல முடியாது" என்றாள். மறுநாள் புளியங்குடிக்கு பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். படியில் கால் வைக்கும்போது திரும்பி ஒன்றே ஒன்று சொன்னாள். "குடிக்காத ஆளா வந்து கூப்பிடுங்க. வாரேன்."

கோமதி அம்மன் முன்னால் போய் நின்றேன். எத்தனையோ கும்பாபிஷேக நோட்டீஸுக்கு அவளைப் பற்றி அழகாக எழுதியவன், எனக்கென்று கேட்க ஒரு நல்ல வாக்கியம் கிடைக்காமல் அழுதேன். "தாயே, இந்த ஆசையைப் பிடுங்கிப் போட்டுரு" என்றேன். வெளியே வந்தேன். ஆசை செருப்புக்குப் பக்கத்திலேயே எனக்காகக் காத்திருந்தது.

அந்த வாரமே மாடசாமி என்றொருவன் என் கடைக்கு வந்தான். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். குடியை நிறுத்தியவர்கள் சிலர் செவ்வாய்தோறும் மாலை ஆறு மணிக்கு இங்கே ஒரு டியூஷன் சென்டரில் கூடுகிறார்களாம். அங்கே மாட்ட ஒரு போர்டு வேண்டுமாம். நாலு வரி எழுதிக் கொண்டுவந்திருந்தான். 'இன்று மட்டும். முதல் குவளையைத் தொடாதே. உன்னால் முடியாததை இறைவனிடம் விடு. திரும்பத் திரும்ப வா.'

"இதெல்லாம் நான் காலண்டர் தாளுக்கு அடியில போடுத சமாசாரம் தம்பி" என்றேன்.

"அப்போ அடிக்கதும் நீங்கதான், கிழிக்கதும் நீங்கதான். ஒருநாளாச்சும் வாசிச்சுப் பாக்கலாம்லா அண்ணாச்சி?" என்றான். என் வாய் நாற்றம் அவனுக்கு எட்டியிருக்கும். "செவ்வாக்கிழமை நீங்களே கொண்டுவந்து மாட்டிருங்க."

மாட்டப் போனவன் உட்கார்ந்துவிட்டேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் தாடையில் இடித்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பெரிய மனுஷத்தனம் காட்டவே முடியாது. ஆனாலும் வாதாடினேன். முதல் குவளையில் எவனுக்கு போதை ஏறும், ஐந்தாவதில்தானே ஏறும் என்றேன்.

"மூட்டையில அழுகல் எலுமிச்சை ஒண்ணு கெடந்து மத்ததும் அழுகிருது. அழுக வச்சது கடைசிப் பழமா, முதப் பழமா?" என்றான் மாடசாமி. எழுந்துபோய்ப் போர்டை மாட்டினேன்.

பத்தொன்பது நாள் தொடாமல் இருந்தேன். பிறகு 'இறைவனிடம் விடு' என்ற வரிக்கு எனக்கே உரிய ஒரு பொருள் கண்டுபிடித்தேன். பொறுப்பை அம்மனிடம் விட்டாயிற்று, இனி அவள் பார்த்துக்கொள்வாள் என்று மதுக்கடைப் பக்கமாகவே வீட்டுக்கு நடந்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் உள்ளே போய்க் குடித்தேன்.

வெட்கத்தில் இரண்டு செவ்வாய் கூட்டத்துக்குப் போகவில்லை. மாடசாமி என் கடைக்கு வந்து, முகத்தைக் கழுவிட்டு வாங்க என்றான். எந்த முகத்தோடு வர என்று கேட்டேன். "ஒழுங்கா இருக்கவனைப் பாத்து எவன் 'திரும்ப வா'ன்னு சொல்லுவான்? விழுந்தவனுக்குத்தான் அந்த வரி. நீங்க அடிச்ச போர்டுலயே அது ஒண்ணுதான் உங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு. வாங்க அண்ணாச்சி."

போனேன். அம்மனிடம் விடுவது என்றால் என்னவென்று அன்று ஒருவர் சொன்னார். ஆசையை அவளிடம் விடணும், நம்ம காலை நாமதான் வேற தெருவுல திருப்பணும்.

ஆடி பிறந்தது. தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறினால் நம் ஊரில் கோயில் பிரகாரத்தில் ஆடிச்சுற்று சுற்றுவது உங்களுக்குத் தெரியும். ஒற்றைக்காலில் தவம் நிற்கும் அம்மனின் கால்வலியில் கொஞ்சத்தை நம் காலில் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. நான் நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டேன். சின்னதாக எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. எண்ணிக்கைக்காக நூற்றெட்டுப் புளியங்கொட்டைகளை இடதுபைக்குள் போட்டு, சுற்றுக்கு ஒன்றாக வலதுபைக்கு மாற்றினேன்.

நாற்பத்தொன்றாவது சுற்றில் நாக்கு வறண்டது. தண்ணீருக்கான வறட்சி அல்ல. இடதுபை இன்னும் கனத்தது. இன்னும் அறுபத்தேழு என்று நினைத்தேன். அப்படியே, சாகும்வரை குடிக்காமல் இன்னும் எத்தனை நாள் என்றும் நினைத்தேன். கால் தானாக வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

"எத்தனையாவது சுத்து?"

பக்கத்தில் கல்யாணி. நெற்றியெல்லாம் வியர்வை. அவளும் சுற்றிக்கொண்டிருந்தாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

"நாப்பத்தொண்ணு. இன்னும் அறுபத்தேழு கெடக்கு. முடியாது கல்யாணி."

"யாரு அறுபத்தேழு சுத்தச் சொன்னா? நான் எண்ணுததே இல்ல. இந்தச் சுத்தைச் சுத்துவேன், அவளைக் கும்பிடுவேன். அவ்வளவுதான். இது ஒண்ணை மட்டும் வாங்க."

போர்டில் நான் அச்சடித்த 'இன்று மட்டும்' என்ற முதல் வரியின் பொருள் அங்கேதான் விளங்கியது. பையிலிருந்த கொட்டைகளைச் சுவரோரம் கொட்டினேன். அவளோடு ஒரு சுற்று வந்தேன். கும்பிட்டேன். பிறகு இன்னொன்று.

அன்றைக்கு அவள் என்னோடு வீட்டுக்கு வரவில்லை. "நாளைக்குச் சுத்துக்கு வாரேன்" என்று புளியங்குடி பஸ் ஏறினாள். மறுநாளும் வந்தாள். ஐப்பசியில் பெட்டியோடு வந்தாள்.

அடுத்த ஆடியும் கடந்துவிட்டது. நான் வேண்டியபடி அம்மன் ஆசையைப் பிடுங்கவில்லை. இன்றும் சில காலைகளில் அது செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் கேட்காத மூன்றை அவள் கொடுத்தாள்: ஒரு மாடசாமி, முழங்கால் இடிக்கும் ஒரு பெஞ்சு, ஒவ்வொன்றாக நாட்கள். சண்முகையாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மகள் மடியில் பேரன் இருந்தான். "அந்தப் போஸ்டர்ல ஒண்ணை எடுத்து வச்சிருக்கேன் வே" என்றார். "நெசமாப் போகும்போது உமக்கு வேலை மிச்சம்."

இதைப் படிக்கிற உங்கள் கையும் காலையில் நடுங்கினால், வாழ்நாள் முழுக்க என்று அம்மனிடம் சத்தியம் செய்யாதீர்கள். அவ்வளவு பெரிய சத்தியத்தைத் தூக்க நம் கைக்கு வலு கிடையாது. இன்று ஒருநாளைக் கேளுங்கள், தருவாள். நாளைக்கு நாளை போய்க் கேட்டுக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வாருங்கள். நேற்றுக் குடித்திருந்தாலும் வாருங்கள். பெஞ்சு கொஞ்சம் தாழ்வு, குனிந்துதான் உட்கார வேண்டும்.