காக்காய்க்குத் துணை

போன வாரம் என் மகள் கைப்பேசியை மூக்குக்கு நேரே நீட்டினாள். மலை மேலே ஓர் எஸ்டேட் பங்களா, பக்கத்தில் புல்வெளி, புல்வெளியில் மெத்தை போட்ட கேரவன். நாய்களுக்கும் அனுமதி உண்டு என்று வேறு போட்டிருந்தது. “இப்படி ஒரு இடத்துல நீ தங்கியிருக்கியாப்பா?” என்றாள். தங்கியிருக்கிறேன். நாயோடுதான். அந்த நாயால் என்னைப் பிடிக்க இருந்த ஏழரைச் சனியைப் பற்றி விளம்பரத்தில் ஒன்றும் காணோம்.

எங்கள் கேரவன், மாமா கம்பத்திலிருந்து கேரளாவுக்குத் திராட்சை ஏற்றிப் போகும் வேன். காலாண்டுப் பரீட்சை லீவில் மாமாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. பெட்டிகளை இறக்கினார், மெத்தையை விரித்தார், கம்பம்மெட்டு ஏறி, ஓர் ஏலத்தோட்டத்து பங்களாவுக்குக் கீழே வெட்டவெளியில் வேனை நிறுத்திவிட்டார். தோட்டத்துக் காவல்காரர் அவருக்குப் பழக்கம். மாமா, அத்தை, நான், என் நாய் ஜிம்மி. மெத்தையில் திராட்சை வாசம் போகவே இல்லை. எறும்புகளும் எங்களோடுதான் லீவைக் கழித்தன.

ஜிம்மி வருவதற்கு அத்தை ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். “ஏதாச்சும் ஒரு சேட்டை பண்ணட்டும், அங்கனயே விட்டுட்டு வந்துருவேன்.” காவல்காரருக்கோ காட்டுப்பன்றி விரட்ட ஒரு நாய் தேவைப்பட்டது. அவ்வப்போது வந்து, மாட்டுத் தரகர் மாதிரி ஜிம்மியின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். ஜிம்மி அவருக்கும் வாலாட்டும். தன் தலைக்கு மேலே என்ன பேச்சு நடக்கிறது என்று தெரியாத பிறவி.

சனிக்கிழமை வந்தது. அத்தைக்குக் குச்சனூர் சனீஸ்வரன்மேல் தீராத பக்தி, அதைவிடத் தீராத பயம். காலையிலிருந்து பால் விடாத கட்டங்காப்பி மட்டும். மதியம் எள்ளுச்சோறு கிளறி, முதல் உருண்டை காக்காய்க்கு. காக்காய் வாய் வைத்த பிறகு அத்தை. அத்தை வாய் வைத்த பிறகு நாங்கள். கம்பத்தில் இதில் சிக்கலே இல்லை. சட்டி அடுப்பில் ஏறும்போதே காக்காய் வந்து சுவரில் உட்கார்ந்திருக்கும்.

மலையில், பாறைமேல் இலையை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எங்கும் மூட்டம். காக்காய் இனமே இல்லை. அத்தை கூப்பிட்டுப் பார்த்தாள். மாமா வேன் கூரைமேல் ஏறி நின்று, “கா... கா...” என்று தொண்டை கிழியக் கத்தினார். பங்களாவில் ஒரு ஜன்னல் திறந்தது, அவரைப் பார்த்தது, மூடிக்கொண்டது. கடைசியில் தலை சுற்றுகிறது என்று அத்தை வேனுக்குள் போய்ப் படுத்துவிட்டாள். மாமா குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். இலைக்குக் காவல் நான்.

நான் ஓர் ஓணானைப் பார்த்தேன். அவ்வளவுதான். திரும்பினால் இலை கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஜிம்மியின் மூக்கில் எள்.

நாய் போச்சு. அது போக, சனீஸ்வரனின் வாகனத்துக்கு வைத்த சோற்றை நாய் தின்றால் ஏழரை யாரைப் பிடிக்கும்? தின்ற நாயையா, நாயை வளர்த்தவனையா, காவல் இருந்தவனையா? எப்படிப் பார்த்தாலும் பெரும்பான்மை எனக்குத்தான். விரல்விட்டு எண்ணினேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை அந்த ஏழரைக்குள்ளேயே வந்தது. (பின்னால் நான் வாங்கிய மார்க்குக்கு சனீஸ்வரன் பொறுப்பில்லை என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.)

ஓடினேன். நேரே காவல்காரரிடம். “அண்ணே, அவசரமா ஒரு காக்கா வேணும்!”

“காக்கையா? மழைக்காலத்துல அதெல்லாம் கீழ கம்பத்துக்குப் போயிரும் மோனே. ஞான் வந்து தின்னா போதுமா?” என்று சிரித்தவர், வேடிக்கை பார்க்க என் பின்னாலேயே கிளம்பிவிட்டார். ஜிம்மியைப் பிடித்துப் போகத்தான் வருகிறார் என்று நான் முடிவு கட்டினேன். காக்காய் கேட்கப் போய் எமனைக் கூட்டிக்கொண்டு வந்தவன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்தன்தான். வேனுக்கு அடியில் புகுந்து ஜிம்மியைக் கட்டிக்கொண்டு ஊளையிட்டேன். “சனீஸ்வரா, என்னையப் பிடிச்சுக்க, ஜிம்மிய விட்டுரு!” ஜிம்மி என் கண்ணீரை நக்கியது. அதன் வாயில் எள்ளுச்சோறு மணத்தது.

சத்தம் கேட்டு அத்தை இறங்கி வந்தாள். மாமாவும் குடத்தோடு வந்து சேர்ந்தார். அத்தை காலி இலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஜிம்மியின் மூக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு ஒன்றுமே இல்லாத வானத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“காக்கா வந்து தின்னுட்டுப் போயிருச்சுங்க. தட்டை எடுங்க.”

“அத்தை, அது வந்து...”

“ஏலே, வாயத் தொறந்தா சோறு திங்க மட்டும் தொற.”

முந்தானையால் ஜிம்மியின் மூக்கைத் துடைத்துவிட்டாள். காவல்காரருக்கும் ஒரு தட்டு வைத்து, “இந்த நாய் எங்களுக்கு வேணும்ணே, நீங்க வேற பாருங்க” என்றாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. மலைக்காக்காய் மூட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வந்து போகும் என்று நான் புரிந்துகொண்டேன். லீவு முடிந்து பள்ளிக்கூடத்திலும் அதைப் பரப்பினேன்.

அதன்பிறகு கம்பத்தில் என்றைக்காவது காக்காய் வரத் தாமதமானால், பசியோடு நிற்கும் அத்தை மொட்டைமாடியிலிருந்து குரல் கொடுப்பாள்: “ஏலே, ஜிம்மிய அவுத்து மேல அனுப்பு. நீ வராத!” அனுப்பிவைப்பேன். காக்காய் தனியாகச் சாப்பிடக் கூச்சப்படுகிறது, ஜிம்மி துணைக்குப் போகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.