பிரஸ் ஷாப்பில் என் உருண்டை எழுத்து

அந்த எழுத்தை நான் மைப் பேனாவால்தான் வரைந்தேன். ஓசூரில் என் ஸ்டிக்கர் கடையில், வேலை இல்லாத மத்தியானங்களில், ஒவ்வொன்றாக. கூர்முனையே கிடையாது, கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் உருண்டிருக்கும். மை ஊறிப் பருத்த இடங்களைக்கூடத் திருத்தாமல் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஃபான்ட்டாக ஏற்றினேன். பேக்கரிக்காரர்களும் மழலையர் பள்ளிக்காரர்களும் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிரஸ் மெஷினில் இரும்புத் தகடு அழுத்தும் கம்பெனி ஒன்று, முதலில் கேன்டீனுக்கு போர்டு கேட்டது. 'கை கழுவுங்கள்', 'சோற்றை வீணாக்காதீர்கள்' என்று பச்சையில் வெட்டிக் கொடுத்தேன். பிறகு மேனேஜர் மெஷின் போர்டுகளையும் மாற்றச் சொன்னார். மண்டையோடு போட்ட பழைய சிவப்பு போர்டைப் பார்த்து, வெளியிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கிறார்களாம்.

"பயமுறுத்த வேணாம் மேடம். கேன்டீன்ல இருக்குதே, அதே மாதிரி அன்பா போடுங்க."

அன்பாம், அன்பு! விரலை நசுக்குகிற மெஷினுக்கு என்ன அன்பு வேண்டிக் கிடக்கிறது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 'மெஷினை நிறுத்தாமல் கையை உள்ளே விடாதீர்கள்' என்று அதே பச்சையில், அதே எழுத்தில் செய்து கொடுத்தேன்.

என் பக்கத்து வீட்டுப் பெண் அங்கேதான் வேலை பார்த்தாள். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். ஒருநாள் சிக்கிய தகட்டை எடுக்கக் கையை விட்டாள். வலது கையில் நாலு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, வெட்கங்கெட்டு நானே கேட்டேன், "போர்டு இருந்துச்சேடி, பாக்கலயா?"

"இருந்துச்சுக்கா. கேன்டீன் போர்டாட்டமே இருந்துச்சா, இதுவும் கை கழுவத்தான் சொல்லுதுன்னு விட்டுட்டேன். ஒரு நாளும் படிக்கல."



கம்பெனி விசாரணை வைத்தது. எச்சரிக்கை இருந்தும் மீறினாள் என்று முடிவானால் வேலை போய்விடும். போர்டு செய்தவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். "கேன்டீன் போர்டாட்டம் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுக்கா" என்று ஆட்டோவில் வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள். "சத்தியமா சொல்றேன்டி" என்றேன்.

மேஜைமேல் அந்த போர்டின் போட்டோ இருந்தது. விசாரித்தவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அழகா இருக்குதும்மா. கையாலயே வரைஞ்சீங்களா?"

ஆமாம் என்றேன். பாழாய்ப்போன மனசு அந்த இடத்திலும் குளிர்ந்தது.

"தூரத்துலருந்தே படிக்கலாமில்ல?"

"தாராளமா படிக்கலாங்க சார். என் எழுத்து அவ்வளவு தெளிவு."

அவர் எழுதிக்கொண்டார். மற்றதைச் சொல்ல வாயெடுத்தேன். "இது போதும்மா" என்று காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.