செத்துப்போனவளாகச் சொல்லப்பட்ட ஷம்சி

இஸ்பகானில் எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் ஷம்சி அக்கா, இருபத்திரண்டு வயதில் வானொலியில் ஒரே ஒரு காதல் பாட்டுப் பாடியவர். விட்டுப்போனவனை விடியும்வரை கூப்பிடுகிற பாட்டு. அந்தக் குரலுக்காகவே குத்ரத் அவரைத் தேடி வந்து கல்யாணம் செய்துகொண்டார். மறு வருடம் இஸ்லாமியப் புரட்சி வந்தது. ஆண்கள் காதுபடப் பெண்கள் தனியாகப் பாடக் கூடாதென்று ஆயிற்று. குத்ரத் பயந்த மனிதர். அரிசி களையும்போது அக்கா வாய்க்குள் முனகினால்கூட, பக்கத்து வீட்டுக்காரன் கேட்டால் வம்பு என்று அடக்கிவிடுவார்.

ஆனால் அவர் ஓட்டும் டாக்ஸியில் அந்தப் பாட்டு கேசட்டில் இருந்தது. நம்பிக்கையான ஆள் ஏறினால் போடுவார். ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாராம்: ஒரு பெரியவர் பாட்டைக் கேட்டு அழுதாராம், பாடின பெண் எங்கே என்று கேட்டாராம், செத்துப்போய்விட்டாள் என்று இவர் சொல்லிவிட்டாராம். அக்கா மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நான்காம் நாள் அக்காவும் நானும் அக்காவின் தங்கையைப் பார்க்க அந்த டாக்ஸியில் போனோம். வழியில் தெரிந்த வாத்தியார் ஒருவர் முன்னால் ஏறிக்கொண்டார். குத்ரத் கேசட்டைப் போட்டார். இரண்டாம் அடியில் என் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் சேர்ந்துகொண்டது. கரகரத்த குரல். உச்சியில் எட்டாமல் உடைந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. அந்த வெயிலில் குத்ரத் அவசர அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினார்.

"நிறுத்து ஷம்சி. வாத்தியார் இருக்காரு."

"செத்தவ பாடினா யாரு வந்து புடிக்கப் போறா?" என்றார் அக்கா.

வாத்தியார் திரும்பிப் பார்க்கவே இல்லை. இறங்கும்போது தரையைப் பார்த்தபடி, "எங்கயும் சொல்ல மாட்டேம்மா. நல்லா இருங்க" என்றார்.

அன்று மாலை குத்ரத் கேசட்டை ஆற்றில் வீசினார். அக்கா தடுக்கவில்லை. குளிர்காலத்தில் ஒருநாள் குத்ரத்தே வந்து, மெதுவாக ஒரு அடி பாடேன் என்று கேட்டிருக்கிறார். கழுத்து வலிக்கிறது என்று அக்கா திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது வியாழக்கிழமைகளில், குத்ரத் வேலைக்குப் போனதும், அக்கா மாடியேறி வருவார். என் சமையலறையில், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் சத்தத்தை மீறாமல் பாடுவார். இங்கே யாருமில்லை, வாய்விட்டுப் பாடுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"பாடத்தான் பாக்குறேன்டி," என்பார். "தொண்டை விடமாட்டேங்குது."