கடை அம்மா

மைக் அக்காவின் முகம் தெருவில் யாருக்கும் தெரியாது; அவள் குரல் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஊசியிலிருந்து கட்டில்வரை விற்கிற ஐந்து மாடிக் கடை. அதன் மூன்றாவது மாடியில், படிக்கட்டுக்கும் கழிவறைக்கும் நடுவில், அலமாரி அளவுக்கு ஒரு கண்ணாடி அறை. ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு தண்ணீர்ப் பாட்டில். ஒன்பது வருஷமாக அங்கே உட்கார்ந்துகொண்டு, வழியை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்வாள், தொலைந்த சாவிக்கொத்துக்கு ஆள் தேடுவாள், அம்மாவைக் காணாமல் அழுகிற பிள்ளைகளை வாசலுக்கு வரவழைப்பாள். குரல் என்றால் அப்படி ஒரு குரல். முறைத்துக்கொண்டு வந்தவன்கூட, "வண்டியைத்தானே, இதோ எடுத்துடறேன்" என்று வழிந்துகொண்டு ஓடுவான்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் அந்தக் குரலே அவளைத் தெருவில் மறித்தது. வேலை முடிந்து பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். கடையின் வெளிச்சுவரில் புதிதாக மாட்டியிருந்த ஸ்பீக்கர் கொரகொரத்துவிட்டுப் பேசியது.

"சிட்டு... அம்மா இங்கதான் இருக்கேன். நீ என்ன கேட்டாலும் வாங்கித் தர்றேன். வா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் அவளுடையது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சிட்டு என்பது ஆறு வயது மகளை வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பெயர். அந்தப் பெயரை அவள் மைக்கில் ஒருநாளும் சொன்னதில்லை. பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஸ்பீக்கர் மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் அவள் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, கடையின் ஒலிப்பதிவுக்காரரைப் பிடித்தாள். ரொம்ப சாதுவான மனிதர்.

"அது நீங்க பேசினதுதாம்மா" என்றார். "போன வருஷம் உங்க குரலைப் பதிவு பண்ணினோமே, அன்னிக்கு இடைவேளையில உங்களுக்கு வீட்டுலேருந்து போன் வந்துச்சு. மைக்கை அணைக்க மறந்துட்டேன்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. போன டிசம்பரில் இரண்டு நாள் அவளை உட்கார வைத்து, ஒன்று இரண்டு என்று எண்களையும், மாடிகளையும், சாமான்களையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார்கள். அந்தத் துண்டுகளை வெட்டி ஒட்டினால் அவள் இல்லாமலே அவள் பேசுவாள் என்று ஏற்பாடு. நடுவில்தான் மகள் போன் செய்து, அப்பாவும் வரவில்லை நீயும் வரவில்லை என்று ஓவென்று அழுதது. அதைச் சமாதானப்படுத்த என்னென்னவோ சொன்னாள்.

"அழாதேன்னு சொன்னேனே அண்ணா, அது எங்க?"

"வெட்டிட்டேன். பண்டிகை நேரத்துல அழுகை எதுக்கு?"

"நான் 'வா'ன்னு சொல்லவே இல்லையே."

"அது வேற இடத்துல நீங்க சொன்னது. எடுத்து ஒட்டினேன். ஒட்டின இடம் தெரியுதா பாருங்க? தெரியாது!" என்று பூரித்துப்போனார் மனிதர். "அம்பது விளம்பரம் எழுதினாலும் இந்த மாதிரி வராதும்மா. பெத்த பாசம் அப்படியே கொட்டுது."

நிறுத்தச் சொல்லி மேனேஜரிடம் போனாள். அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். கீழே அவள் கையெழுத்து. "குரல் கடையோடதும்மா. நீங்க அதைத் தினமும் கூட எடுத்துட்டு வந்துட்டுப் போறீங்க, அவ்ளோதான்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு இன்னொரு காகிதத்தை நகர்த்தினார். "இதுல இன்னும் நீங்க கையெழுத்துப் போடல."

அது ஊழியர் கிறிஸ்துமஸ் திட்டம். கடையில் வேலை பார்ப்பவர்கள் டிசம்பரில் மனசு போல அள்ளிக்கொண்டு போகலாம். அடுத்த வருஷம் முழுக்கச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். போன வருஷம் அவள் வாரிக்கொண்டுதான் போனாள். பேசும் பொம்மை, திரைச்சீலை, ஆறு பேர் சாப்பிடும் மேஜை. வீட்டில் இருப்பதோ மூன்று பேர்! அந்தப் பள்ளத்தை அடைக்க, லாரி ஓட்டும் அவள் புருஷன் வருஷம் முழுக்கக் கூடுதல் நடை எடுத்தான். பன்னிரண்டு மாதத்தில் அவன் வீட்டில் தங்கியது மொத்தம் பத்தொன்பது நாள். பேசும் பொம்மை பிப்ரவரியிலேயே பேச்சை நிறுத்தியது. மேஜையின் மற்ற மூன்று நாற்காலிகளில் துணி காய்ந்தது. ஒருதரம் அவன் வந்தபோது மகள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றது. அவன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அதனால் இந்த வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கடையிலிருந்து ஒரு குண்டூசிகூடக் கிடையாது. அவன் கூடுதல் நடை எடுக்கப்போவதில்லை. இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் வந்தால் பத்து நாள் வீட்டில்தான். பழைய காலண்டர் தாளில் நட்சத்திரம் வெட்டலாம். சந்தையில் கழித்துப் போட்ட மரக்கிளை ஒன்றை டின்னில் நட்டு நிறுத்தலாம். கோழி சூப், வீட்டிலேயே சுட்ட கேக், அப்பா சுவரில் கைநிழலால் நாயும் முயலும் காட்டுவது. இதைச் சொன்னபோது மகள் குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை லேசாக இருக்கிற விஷயத்துக்கா போன வருஷம் அப்படி நாக்குத் தள்ள அலைந்தோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஸ்பீக்கர் வந்த பிறகுதான் எல்லாம் கோணலாயிற்று.

பள்ளி விட்டதும் மகளைப் பார்த்துக்கொள்வது அவளுடைய அக்கா. அக்கா வீடு கடைக்கு எதிர்ச்சந்தில், முதல் மாடியில். ஜன்னலைத் திறந்தால் ஸ்பீக்கர். "பிள்ளை ஜன்னலை விட்டு நகர மாட்டேங்குதுடி" என்றாள் அக்கா. "அது பேசுறப்ப இதுவும் கூடவே வாயை அசைக்குது. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. ஒரு பொம்மையை வாங்கிக் குடுத்துத் தொலையேன். ஊரே வாங்குது, நீ மட்டும் என்ன கஞ்சத்தனம்? பிள்ளை ஏங்கிப் போயிடும்."

அன்று வீட்டில் சாப்பிடும்போது மகள் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. "நீ வீட்டு அம்மா" என்றது. "அவங்க கடை அம்மா."

"ரெண்டும் நான்தான்டா சிட்டு."

"கடை அம்மா திட்டவே மாட்டாங்க. என்ன கேட்டாலும் வாங்கித் தருவாங்க. எப்பப் பாத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க." கொஞ்சம் யோசித்து, "நீதான்னா, அதே மாதிரி சொல்லு பாக்கலாம்" என்றது.

இதென்ன பிரமாதம் என்று அவள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். சிட்டு, அம்மா இங்கதான் இருக்கேன். சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை, நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் அந்நியமாகப் போயிற்று. மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டியது.

"அது நீ இல்ல" என்றது. பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தது.

பாத்திரம் தேய்க்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். கண்ணாடி அறையில், மைக்கை அணைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். போன வருஷம் எந்த இடத்திலிருந்து அந்தக் குரல் வந்ததோ, அந்த இடம் இப்போது வெறுமையாக இருந்தது. இருபதாம் தேதி மேனேஜர் அந்தக் காகிதத்தோடு கண்ணாடி அறைக்கே வந்துவிட்டார். "எல்லாரும் போட்டாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. பிள்ளைக்கு இல்லாத பண்டிகை என்ன பண்டிகை?" என்று பேனாவையும் நீட்டினார். வெட்கக்கேடு, அவள் வாங்கியும்விட்டாள். பேனா முனை தாளில் பட்டும்விட்டது. பத்து நாள், பத்து நாள் என்று மனசுக்குள் இரண்டுதரம் சொல்லிக்கொண்டு, மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

இருபத்திநாலாம் தேதி, மதியம் மூன்று மணி. கடைக்குள் எள் போட்டால் விழாத கூட்டம். அக்கா கண்ணாடிக் கதவைத் தட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை.

"துணி காயப் போட்டுட்டுத் திரும்புறேன்டி, பிள்ளையைக் காணோம். கதவு திறந்து கிடக்கு."

எங்கே போயிருக்கும் என்று அவளுக்குக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஐந்து மாடி, ஐந்து மாடிக்கும் அறுபத்திரண்டு ஸ்பீக்கர். அத்தனையிலும் அவள். மைக்கைப் போட்டாள். "ஆறு வயசுப் பெண் குழந்தை, மஞ்சள் ஸ்வெட்டர்" என்று அறிவித்தாள். பிறகு மகளிடமே பேசினாள். "சிட்டு, அம்மா மூணாவது மாடியில இருக்கேன். வா."

யாரும் வரவில்லை. அவள் வாயை மூடியதும் ஸ்பீக்கரில் அந்தப் பதிவு தானாகப் பேசியது. அம்மா இங்கதான் இருக்கேன். வா. அவள் மறுபடி கூப்பிட்டாள். அதுவும் மறுபடி கூப்பிட்டது. இருபது நிமிஷம் இப்படியே போயிற்று. கண்ணாடிக்கு வெளியே ஜனங்கள் பைகளோடு நகர்ந்துகொண்டிருந்தார்கள்; ஒருத்தரும் வித்தியாசம் கண்டதாகத் தெரியவில்லை. தான் எப்போது பேசுகிறோம், அது எப்போது பேசுகிறது என்று ஒரு கட்டத்தில் அவளுக்கே குழம்பிப்போயிற்று. உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எங்கோ ஒரு ஸ்பீக்கருக்குக் கீழே பிள்ளை நிமிர்ந்து நிற்கிறது, கூப்பிடக் கூப்பிட இன்னும் அசையாமல் நிற்கிறது என்று அவளுக்குத் திடீரென்று புரிந்தது.

மேனேஜர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "விற்பனை நேரம்மா, சீக்கிரம் முடிங்க. பொம்மை மாடிக்கு வா, எது வேணுமோ எடுத்துக்கோன்னு சொல்லுங்க. ஓடி வந்துடும். திட்டத்துல போட்டுக்கலாம்."

வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் பிள்ளை வரும்தான். ஆனால் அது யாரிடம் வரும்? அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சிட்டு, நான் வீட்டு அம்மா பேசுறேன்" என்றாள். குரல் நடுங்கியது, அழகாகவே இல்லை. "உனக்கு நான் ஒண்ணும் வாங்கித் தரப்போறதில்ல. பொம்மையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நீ எவ்ளோ அழுதாலும் கிடையாது. போன வருஷம் கண்டதையும் வாங்கிட்டு அப்பாவைத் தொலைச்சோம். என் தப்புதான். இன்னிக்கு அப்பா வர்றாரு. பத்து நாள் இருப்பாரு. அதுக்குத்தான் ஒண்ணும் வாங்கல, புரியுதா? பெரியம்மாகிட்ட சொல்லாம கிளம்பி வந்தியே, உன்னை என்ன பண்றதுன்னே தெரியல. காலுல செருப்பாவது போட்டியா, இல்ல வெறுங்காலோட வந்தியா? இப்ப நீயா வந்தா ஒரு திட்டு. நான் வந்து பிடிச்சா ரெண்டு."

கடையே ஒரு கணம் அப்படியே நின்றது. துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடித்த கையோடு நின்றார்கள். மேனேஜர் முகம் கருத்துப்போயிற்று.

நாலாவது மாடிப் படியிலிருந்து மஞ்சள் ஸ்வெட்டர் இறங்கி வந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. அவள் முட்டிபோட்டு இழுத்து அணைத்துக்கொண்டபோது மகள் அவள் காதோடு சொன்னது: "திட்டினதும் நீதான்னு தெரிஞ்சுபோச்சு."

தலைக்கு மேலே ஸ்பீக்கர் கொரகொரத்தது. சிட்டு, அம்மா இங்கதான் இருக்கேன். மகள் தலையை நிமிர்த்தி அதைப் பார்த்து, மரியாதையாக, "எங்க அம்மா வந்துட்டாங்க. நீங்க வேற பாப்பாவைக் கூப்பிடுங்க" என்றது. பக்கத்தில் நின்ற பிள்ளைகளில் நாலைந்து பேர், யாரோ தங்கள் பேரைச் சொன்ன மாதிரி, மேலே பார்த்தார்கள்.

அன்றைக்கே அவளுக்குச் சீட்டுக் கிழிந்தது. "உங்க குரல்தான் இங்க இருக்கே, நீங்க எதுக்கு?" என்று கேட்டார் மேனேஜர். அவள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சாயங்காலம் அவன் வந்தான். மகள் கதவைத் திறந்து, "அப்பா!" என்று கத்தியது. வேலை போன கதையை அவள் சொன்னதும் அவன் கிளையையும் டின்னையும் பார்த்துவிட்டு, "சரி விடு, கேக் கருகுற வாசனை வருது" என்றான். நிஜமாகவே கருகித்தான் போயிருந்தது. அடியைச் சுரண்டிவிட்டு மேல்பாதியை மூன்று பேரும் கையாலேயே பிய்த்துத் தின்றார்கள். அவன் கைநிழலில் நாய் என்று காட்டியது கழுதை மாதிரி இருந்தது. கழுதை என்று காட்டியது எதைப் போலவும் இல்லை. மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் குடித்தது. இப்படி ஒரு கிறிஸ்துமஸ் அந்த வீட்டில் நடந்ததே இல்லை. ஜனவரிக்கு என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு அடிமனதில் இருக்கத்தான் செய்தது. இருந்தாலும் சந்தோஷம் சந்தோஷம்தான்.

பத்தாம் நாள் காலையில் அவனை லாரி நிற்கும் இடத்துக்கு வழியனுப்ப மூவரும் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். மகள் அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஏதோ முயல் கதையைச் சொல்லிக்கொண்டே போனது. ஸ்பீக்கரில் இப்போது புது வருஷத் தள்ளுபடி. அவள் ஒருநாளும் சொல்லாத விலைகளை, ஒருநாளும் பேசாத வாக்கியங்களை, அவள் குரல் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் மிகவும் மெதுவாக, மிகவும் பிரியமாக, "வா" என்றது.

மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நின்றுவிட்டது அவள்தான். கண்ணாடிக் கதவுப் பக்கமாக ஒரு கால் எடுத்து வைத்தும்விட்டாள்.

"அம்மா" என்று மகள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தது. "அது உன்னைக் கூப்பிடல. நீ வாம்மா."